நான் கமெண்டில் கொடுத்த புகார்

நேரில் போலீஸைக் கண்டால் எனக்குப் பயம். ஹெல்மெட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தாலும், செக்கிங் நடக்கிற இடத்தைக் கடக்கும்போது ஏதோ கடத்தல் சரக்கைச் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறவன் மாதிரி என் முகம் வெளுத்துவிடும். ஆனால் ஃபேஸ்புக்கில் நான் அப்படிப்பட்டவன் இல்லை. எங்கள் மாவட்டக் காவல்துறை ஒரு பக்கம் தொடங்கி, பொதுமக்கள் கருத்துகளைப் பதிவிடலாம் என்று அறிவித்த நாளிலிருந்து அந்தத் தெருவுக்கு நான்தான் சண்டியர்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. டி. கல்லுப்பட்டி பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் ஆசிரியர். கல்யாணம் ஆகவில்லை. (அதனால்தான் இம்புட்டும் நடந்தது என்பது என் அக்காவின் கட்சி.) சாயங்காலம் பள்ளி விட்டால் வாடகை அறையில் நானும் செல்போனும் மட்டும். சிக்னல் எரியவில்லை, பஸ் வளைவில் வேகமாகத் திரும்புகிறது, மூன்று பேர் ஒரே பைக்கில் போகிறார்கள் என்று தினமும் எதையாவது எழுதுவேன். “கண்துஞ்சாக் காவல்துறைக்கு வணக்கம்” என்று தொடங்கி, “இப்படிக்கு, விழிப்புள்ள குடிமகன் அருள், எம்.ஏ., பி.எட்.” என்று முடிப்பேன். பக்கத்தை நடத்துகிறவர் போனால் போகிறதென்று எப்போதாவது ஒரு லைக் போடுவார். அன்றைக்கு மெஸ்ஸில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவேன்.

என்னைப் போன்றவர்களின் தொல்லை தாங்காமலோ என்னவோ, ஒருநாள் அந்தப் பக்கத்தில் ‘பொதுமக்களுக்கான நெறிமுறைகள்’ என்று ஒரு பட்டியல் வந்தது. அவசரம் என்றால் நூறுக்குப் போன் செய்யுங்கள், இங்கே எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். முறையான புகார் என்றால் நிலையத்துக்கு நேரில் வாருங்கள். பதிவுக்குச் சம்பந்தம் இல்லாததை அதன்கீழ் எழுதாதீர்கள், ஒன்றையே திரும்பத் திரும்பப் போடாதீர்கள், உங்கள் செல் நம்பரைப் பொதுவில் போடாதீர்கள், அடுத்தவர் முகமோ வண்டி நம்பரோ தெரிகிற படம் வேண்டாம், மரியாதையாக எழுதுங்கள், விசாரிக்காமல் யாரையும் குற்றவாளி என்று சொல்லாதீர்கள்.

படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. பிரிண்ட் எடுத்துப் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பீரியட் முழுக்க அதை நடத்தினேன். மாதத் தேர்வில் அதிலிருந்து ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றும் கேட்டேன். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அதைப் போட்டு, ‘அனைவரும் மனப்பாடம் செய்யவும்’ என்று எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. என் அத்தை மகன் லூர்து மட்டும் கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டார். அது மரியாதையா, ஆளை விடு என்ற வேண்டுகோளா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இப்படி இருக்கையில்தான் என் அக்கா மகள் ஜெனிக்குப் புதுநன்மை வந்தது. வேதக்காரர்களில் எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளில், பிள்ளை முதன்முதலாகக் கோயிலில் நற்கருணை வாங்குகிற நாளுக்கு அப்படிப் பெயர். ஜெனிக்கு அப்போது ஒன்பது வயது. வெள்ளைக் கவுன், தலைக்குக் கிரீடம் மாதிரி வெள்ளைப் பூ முடி, கையில் ஜோடித்த மெழுகுவர்த்தி என்று குட்டிக் கல்யாணப்பெண் மாதிரி போய் வரிசையில் நிற்க வேண்டும். அந்தக் கவுனும் முடியும் எங்கள் பக்கம் தாய்மாமன் வீட்டிலிருந்து சீராகத்தான் வரவேண்டும். வேதம் மாறினாலும் எங்களுக்குத் தாய்மாமன் மாறவில்லை. எங்கள் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தாய்மாமன் வீடு என்றால் அது நான் ஒருத்தன்தான்.

அக்கா ஜெயராணி பழங்காநத்தத்தில் இருந்தாள். ஒரு மாதம் முன்னாலேயே போன் செய்தாள்.

“பெருசா ஒண்ணும் வேணாம்டா தம்பி. ஆனா நாலு பேரு பாக்குற மாதிரி வா. இவரு தங்கச்சி மகளுக்கு வந்த சீரு தெருவையே அடைச்சு வந்துச்சு. எனக்கு யாரு இருக்கா, நீதான இருக்க.”

இதற்கு ஒரு தம்பி என்ன பதில் சொல்ல வேண்டும்? நான் சட்டம் பேசினேன். பொதுச்சாலையை மறித்து ஊர்வலம் போவது தவறு என்றேன். அனுமதி இல்லாமல் பேனர் கட்டுவது தவறு, பட்டாசு தவறு, ஸ்பீக்கர் தவறு. நாலு தாம்பாளமும் கவுன் பெட்டியும் லூர்து மச்சான் பிடிக்கிற வாடகை வண்டியில் வரும், நான் பைக்கில் வந்துவிடுவேன், எளிமைதான் இயேசுவுக்குப் பிடிக்கும் என்று முடித்தேன். (இயேசுவையும் துணைக்கு இழுத்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.)

அக்கா “சரிடா, ஒன் இஷ்டம்” என்று வைத்துவிட்டாள். அவள் அழுதிருக்கிறாள். எனக்கு அது தெரியவில்லை.

லூர்துக்குத் தெரிந்திருக்கிறது. அவர் பழங்காநத்தத்துக்குப் பக்கத்தில் மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சப்பரம் எதுவானாலும் அவருடைய ஸ்பீக்கர்தான் பாடும். மற்றவர் வீட்டு விசேஷத்துக்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிற மனிதர். முந்தின நாள் அவரிடம் போனில், “நாலு தாம்பாளம், பெட்டி, அம்புட்டுத்தான் மச்சான்” என்று உறுதி கேட்டேன்.

“நீ ஒண்ணுக்கும் கவலப்படாத மாப்ள, நான் பாத்துக்கிறேன்” என்றார்.

அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதைக் கேட்டபிறகும் நிம்மதியாகத் தூங்கிய ஒரே ஆள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குப் பூசை. பிள்ளைகள் ஒன்பதே முக்காலுக்கெல்லாம் கோயில் வாசலில் வரிசையில் நிற்க வேண்டும், தாமதமாக வருகிற பிள்ளை அடுத்த வருடம்தான் என்று பங்குச் சாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எட்டே முக்காலுக்குச் சீர் அக்கா வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் காலையிலேயே கிளம்பி, திருமங்கலம் தாண்டி, வேகக் கட்டுப்பாட்டை மதித்து ஊர்ந்து, எட்டரைக்குப் பழங்காநத்தம் வந்தேன். அங்கே வண்டி நின்றது. முன்னால் பஸ், ஆட்டோ, லாரி, மீன்கூடை வைத்த டிவிஎஸ், எல்லாம் நின்றன. தூரத்தில் பேண்டு செட் சத்தம். சரவெடிப் புகை. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றின் பின்பக்கம் தெரிந்தது. அதன்மேல் ஆளுயர ஸ்பீக்கர்கள். அதற்கும் மேலே மூங்கில் சட்டத்தில் ஒரு பெரிய பேனர். பின்னால் நிற்கிற எங்களுக்குத் தெரிந்தது அதன் வெள்ளை முதுகு மட்டும்தான்.

பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்தவர், “எவனோ தாய்மாமன் சீரு கொண்டுபோறான்ணே” என்றார்.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வண்டி ஒரு முழம் நகரவில்லை. லூர்துக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. கவுன் அவரிடம் இருக்கிறது. அவரும் இந்த நெரிசலில் எங்கேயோ மாட்டியிருக்கிறார். கவுன் போகவில்லை என்றால் பிள்ளை வரிசையில் நிற்க முடியாது. எவனோ ஒரு வெட்டிப் பந்தாக்காரனால் என் அக்கா மகளின் புதுநன்மை கெடப்போகிறது. கோபத்தில் செல்போனை எடுத்தேன்.

அவசரம் என்றால் நூறு என்று ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தியவன் நான். நூறு ஞாபகத்துக்கே வரவில்லை. நேராகப் பக்கத்தைத் திறந்தேன். மேலே பள்ளி மாணவர்களுக்கான ஹெல்மெட் விழிப்புணர்வு ஓவியப் போட்டி என்று ஒரு பதிவு இருந்தது. அதன்கீழேயே ஆரம்பித்தேன். குட்டியானையை நம்பர் தெரிய ஒரு படம் எடுத்துப் போட்டு இப்படி எழுதினேன்:

“கண்துஞ்சாக் காவல்துறைக்கு வணக்கம். பழங்காநத்தத்தில் தாய்மாமன் சீர் என்ற பெயரில் ஒரு காட்டுமிராண்டிக் கூட்டம் சாலையை மறித்து ஆட்டம் போடுகிறது. இவர்களுக்கு மூளை என்று ஒன்று உண்டா? இந்தச் சுயவிளம்பரப் பைத்தியமான தாய்மாமன் யாராக இருந்தாலும் உடனடியாகக் கைது செய்து, வண்டியைப் பறிமுதல் செய்ய வேண்டும். தொடர்புக்கு என் செல் நம்பர் கீழே. இப்படிக்கு, விழிப்புள்ள குடிமகன் அருள், எம்.ஏ., பி.எட்.”

ஒரு நிமிடம் பார்த்தேன். பதில் இல்லை. அதையே இன்னும் நான்கு தடவை போட்டேன். நெறிமுறைகளில் அன்றைக்கு நான் மீறாமல் விட்டது எதுவும் இருந்ததா என்று பிற்பாடு தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

மற்ற நாட்களில் ஒரு வாரம் கழித்துக்கூடப் பதில் வராத பக்கம் அது. அன்றைக்கு என் நேரம், பதில் உடனே வந்தது. ‘தகவல் சம்பந்தப்பட்ட நிலையத்துக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது. ரோந்து வாகனம் அனுப்பப்படுகிறது.’ ஸ்கூட்டர்காரரிடம் போனைக் காட்டினேன். அவர் பின்னால் இருந்த ஆட்டோக்காரரிடம் காட்டினார். ஆட்டோக்காரர் எனக்குக் கை கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுதியதை நாலு பேர் பாராட்டினார்கள். செல்போன் விடாமல் டிங் டிங் என்றது. எனக்கு ஆதரவு குவிகிறது என்று நினைத்துக்கொண்டேன், எடுத்துப் படிக்கவில்லை.

சற்று நேரத்தில் எதிர்ப்பக்கமாக ரோந்து ஜீப்பும், அதன் பின்னால் ஒரு போலீஸ் பைக்கும் வந்தன. பேண்டு செட் பட்டென்று நின்றது. அதோடு விட்டிருக்கலாம். புகாரின் பலனைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பைக்கை ஒரு சைக்கிள் கடை ஓரமாக நிறுத்திவிட்டு, வண்டிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து முன்னால் போனேன். குட்டியானையைத் தாண்டியதும் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் லத்தி, ஒரு கையில் போன். அவரைச் சுற்றிக் கூட்டம். நான் கூட்டத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக அவர் முன்னால் போய், நேரில் போலீஸைக் கண்டால் நடுங்குகிற ஆள் நான் என்பதையே மறந்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

“மேடம், நான்தான் கமெண்டில் புகார் கொடுத்தது. அருள், எம்.ஏ., பி.எட்.”

அவர் என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி எனக்குப் பின்னால் மேலே பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் பார்வை போன திசையில் நானும் திரும்பினேன்.

பேனரின் முன்பக்கம். அதில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு நான்.

என் ஃபேஸ்புக் முகப்புப் படத்தைத்தான் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மக்களுக்குச் சாலைப் பாதுகாப்பு சொல்வது மாதிரி ஒற்றை விரலை நீட்டிக்கொண்டிருக்கிற படம். இரண்டு பக்கமும் சிங்கம். மேலே ‘அக்கா மகளுக்கு அள்ளித்தர வரும் கல்லுப்பட்டிக் காளையே’ என்று எழுத்து. கீழே வரிசையாக லூர்துவின் நண்பர்கள், எல்லோரும் காதில் செல்போனை வைத்தபடி.

“இது யாரு?” என்றார் எஸ்.ஐ.

“நான்தான் மேடம்.”

“புகார் குடுத்தது?”

“அதுவும் நான்தான் மேடம்.”

“கைது பண்ணச் சொன்னது இவரத்தான?” என்று லத்தியால் மேலே சுட்டினார்.

அவர் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். எனக்கு வந்த ஆதரவு அத்தனையும் அதில் இருந்தது. நெரிசலில் முன்பக்கம் மாட்டிக்கொண்ட யாரோ ஒருவர் பேனரைப் படம் எடுத்து, என் கமெண்டுக்குக் கீழே ‘கைது செய்ய வேண்டிய நபரின் படம் கிடைத்தது’ என்று போட்டிருந்தார். அடுத்தவர், ‘புகார் கொடுத்தவர் படமும் இதுவும் ஒண்ணா இருக்கே’ என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே நூற்றுக்கணக்கில் சிரிக்கிற மூஞ்சிகள்.

அப்போதுதான் கூட்டத்தில் இருந்த முகங்கள் எனக்குத் தெரிய ஆரம்பித்தன. ஆப்பிள் தாம்பாளத்தோடு என் சின்னம்மா. அன்னாசிப்பழத்தோடு அவர் மகள். மாலை போட்ட கிடாய் இரண்டைப் பிடித்துக்கொண்டு என் ஒன்றுவிட்ட தம்பிகள். சித்தப்பா, பெரியம்மா, நான் வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத சொந்தங்கள் எல்லோரும் பட்டும் வேட்டியுமாக, தலைக்கு ஒரு தாம்பாளத்தோடு, என் பெயரில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். லூர்து குட்டியானையிலிருந்து இறங்கி வந்தார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

“என்ன மாப்ள, நீயா எழுதுன?” என்று மெதுவாகக் கேட்டார்.

அதற்குத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

“நீ அன்னைக்குச் சட்டம் பேசுனதுல ராணி அழுதுருச்சுடா. அப்பா இல்லாத வீடுன்னு ஒருத்தரும் சொல்லிறக் கூடாதுல்ல. அதான் எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன். ஒங்கிட்ட சொன்னா வேணாம்ப.”

நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது எனக்கு. அந்த ஊர்வலத்தில் தப்பு இல்லை என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். சாலையை மறித்தது தப்புதான். ஆனால் என் அக்காவின் தலை குனியக்கூடாது என்று நான் நினைக்க வேண்டியதை எனக்குப் பதிலாக இந்த மனிதர் நினைத்திருக்கிறார். நான் அவரைக் காட்டுமிராண்டி என்று ஐந்து தடவை எழுதியிருக்கிறேன்.

“மேடம், புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றேன்.

“நீங்க வாபஸ் வாங்கிருவீங்க. இந்த ரோட்ட யாரு வாபஸ் வாங்குறது? பின்னால பாருங்க, எம்புட்டு தூரத்துக்கு நிக்குதுன்னு.”

பேனரை அவிழ்க்கச் சொன்னார். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கச் சொன்னார். குட்டியானையை நிலையத்துக்கு ஓட்டச் சொன்னார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அந்த நேரம் பார்த்துக் கோயிலில் முதல் மணி அடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மேடம், பிள்ளையோட கவுன் வண்டிக்குள்ள இருக்கு.”

என்ன கவுன் என்று கேட்டார். உளறிக் கொட்டினேன். புதுநன்மை, வரிசை, சாமியார், அடுத்த வருடம், என் அக்கா, என் புத்தி என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொன்னேன். அவர் வாட்சைப் பார்த்தார். மணி ஒன்பதைத் தாண்டி ஐந்து.

“பெட்டிய எடுங்க. கண்ணன், பைக்க எடு, இவர ஏத்திட்டுப் போயி வீட்ல எறக்கு. மத்தவங்க தாம்பாளத்த எடுத்துட்டு ரோட்டு ஓரமா ஒருத்தர் பின்னால ஒருத்தரா நடந்து வாங்க. சத்தம் வரக் கூடாது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்கு வரணும். புகார் குடுத்தவரு, எதிர்த்தரப்பு, வண்டியக் கொண்டுவந்தவரு, மூணு பேரும்.”

“நாங்க ரெண்டு பேருதான மேடம்” என்றார் லூர்து.

“இவரே ரெண்டு பேரு” என்றார் எஸ்.ஐ.

போலீஸ் பைக்கின் பின்சீட்டில், கவுன் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பூ முடி நசுங்காமல் அதை என் தலையிலேயே மாட்டிக்கொண்டு பழங்காநத்தம் வழியாகப் போனேன். (வேறு இடமில்லை. நம்புங்கள்.) சற்றுமுன் எனக்குக் கை கொடுத்த ஆட்டோக்காரர் அதைப் படம் எடுத்தார்.

அக்கா வீட்டு வாசலில் உறவுக்கூட்டம் நின்றது. முன்னால் அக்காவின் நாத்தனார். இவருடைய மகளுக்குத்தான் தெருவை அடைத்துச் சீர் வந்தது. போலீஸ் பைக்கைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார்.

“ஏ ராணி, ஒந்தம்பி போலீஸோட வாரான்டி.”

கண்ணன் என்ற அந்தக் காவலர் பைக்கை நிறுத்தி, என் கையில் இருந்த பெட்டியை வாங்கி, அக்கா கையில் மரியாதையாகக் கொடுத்து, “எஸ்.ஐ. அம்மா குடுத்துவிட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாத்தனார் பெருமூச்சு விட்டார். எங்க பிள்ளைக்குப் பேண்டுதான் வந்துச்சு, இவளுக்குப் போலீஸே கொண்டாந்து எறக்குது என்று பக்கத்து அம்மாவிடம் சொன்னார். அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் அந்தப் பெருமையில் பத்து நிமிடம் நன்றாக இருந்தாள். பிறகு நாத்தனாரின் வீட்டுக்காரர் தின்பண்டத் தட்டோடு ஒரு மூலையில் உட்கார்ந்து செல்போனை நோண்ட, என் கமெண்டும் அதற்கு வந்த பதில்களும் உரக்க வாசிக்கப்பட்டன. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பூசை முடியட்டும் என்ற பார்வை.

உள்ளே ஜெனிக்குக் கவுன் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பூ முடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“மாமா, ஒன்னய ஜெயில்ல போட்டுருவாங்களா?”

“சும்மா கூப்பிட்டு விசாரிப்பாங்க.”

“நாளைக்கா?”

“நாளைக்குக் காலைல.”

அவள் பூ முடியைச் சரியாக வைக்கச் சொல்லித் தலையை நீட்டினாள்.

ஒன்பது நாற்பத்திரண்டுக்குக் கோயில் வாசலில் வரிசையில் நின்றுவிட்டாள். நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் தெருமுனையில் அவர்கள் வந்தார்கள். முன்னால் ஒரு காவலர். அவருக்குப் பின்னால் லூர்து, சின்னம்மா, பெரியம்மா, சித்தப்பா என்று எங்கள் சனம் முழுக்க, ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத் தாம்பாளம் ஏந்தி, சாலை ஓரமாக, ஒரு சத்தமும் இல்லாமல். வரிசை முடிவதாகவே இல்லை. கடைசியில் கிடாய் இரண்டும் மணியாட்டிக்கொண்டு வந்தன. கூத்தும் பேண்டுமாக வந்திருந்தால் ஜனங்கள் சலித்துக்கொண்டு விலகியிருப்பார்கள். இதை மாடியிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பஸ் தானாக நின்று வழிவிட்டது. அக்கா கோயில் வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. பூசை முடிந்ததும் அக்கா என் முதுகில் வைத்த அடி வேறு கணக்கு.

மறுநாள் நிலையத்துக்குப் போனோம். லூர்துக்கு அனுமதி, நேரம், சத்தம் பற்றியெல்லாம் அரைமணி நேரம் அறிவுரை. எழுதி வாங்கிக்கொண்டு, எச்சரித்து, வண்டியை விட்டார்கள். பிறகு என் முறை. பக்கத்தில் போட்டிருக்கிற நெறிமுறைகளைப் படித்திருக்கிறீர்களா என்று எஸ்.ஐ. கேட்டார். படித்திருக்கிறேன் மேடம் என்றேன். சொல்லுங்க பார்ப்போம் என்றார். ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் ஒரு மூச்சில் ஒப்பித்தேன்.

அவர், “தெரியாமச் செஞ்சிருப்பீங்கன்னு நெனச்சுப் பாவம் பாத்தேன் சார்” என்றார்.

அன்று மாலை என் கமெண்டுக்குக் கீழே பக்கத்திலிருந்து பதில் வந்தது. ‘விசாரணையில் புகார்தாரரே விழாவின் நாயகர் எனத் தெரியவந்தது. அறிவுரை வழங்கப்பட்டது. குழந்தைக்கு வாழ்த்துகள்.’ என் செல் நம்பரும் அங்கேயே இருந்ததால், முன்பின் தெரியாதவர்கள் ஆறு மாதம் வரைக்கும் போன் செய்து, “அண்ணே, ஒங்களக் கைது பண்ணிட்டாங்களா?” என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் என்ன விசேஷம் என்றாலும் லூர்து முதல் பத்திரிகையோடு என்னிடம்தான் வருவார். “மாப்ள, ஆட்சேபண எதும் இருந்தா இப்பவே கமெண்ட்ல போட்டுரு, அப்பறமா ஜீப்பு வந்து நிக்கக் கூடாது” என்பார். என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் கேட்டார். மேடையில், சாமியார் முன்னால்.

அதெல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒன்று உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் ஜெனி அதைச் சொன்னாள். புதுநன்மை வாங்குகிற அன்றைக்கு ஒரு பிள்ளை என்ன கேட்டு ஜெபித்தாலும் கிடைக்கும், ஆனால் ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும் என்பது எங்கள் பிள்ளைகளிடம் இருக்கிற நம்பிக்கை. மாதக்கணக்கில் யோசித்து அவள் ஒரு சிவப்பு சைக்கிளைக் கேட்பதாக முடிவு செய்து வைத்திருந்தாளாம். கடைசி நிமிடத்தில் சைக்கிளை விட்டுவிட்டு, “மாமாவ ஜெயில்ல போடக் கூடாது ஆண்டவரே” என்று கேட்டுவிட்டாளாம். அந்த வாரமே சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இப்போது பதினோராம் வகுப்பு. ஸ்கூட்டர் கேட்கிறாள். லைசென்ஸ் எடுக்க உனக்கு இன்னும் வயது வரவில்லை, வயது வராதவர்கள் ஓட்டுவது குற்றம் என்று நான் வழக்கம்போலச் சட்டம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி மாமா, அதுவரைக்கும் பொறுக்கேன். அன்னைக்கும் வாங்கித் தரலேன்னா ஜெபத்த வாபஸ் வாங்கிருவேன்” என்றாள்.